'இன்ஸ்ட்ரக்ட்' எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணலி, எண்ணூர் பக்கம் ஷிஃப்ட் புக் எழுதுகிறவர்களும், ராயபுரத்தில் லாரி ஆபீஸில் உட்கார்ந்து மெயில் அனுப்புகிறவர்களும் தினமும் எழுதுகிற ஆங்கில வினை இந்த 'இன்ஸ்ட்ரக்ட்' (instruct), அதாவது இன்னது செய் என்று ஒருவரைப் பணிப்பது. இதில் பிசகினால் இலக்கணத்தோடு போகாது, சில நேரம் பழியே ஆள் மாறி விழும்.

அதிகம் பார்ப்பது 'ஐ இன்ஸ்ட்ரக்டட் டு ஹிம்'. நாம் 'அவரிடம் சொன்னேன்', 'அவருக்குச் சொன்னேன்' என்று உருபு சேர்த்தே பேசிப் பழகியவர்கள், அதனால் அந்த 'டு' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் வினையை ஒட்டி ஆள் வரவேண்டும், 'டு' செய்யவேண்டிய வேலைக்கு முன்னால் வரவேண்டும்: 'ஐ இன்ஸ்ட்ரக்டட் த டிரைவர் டு வெயிட்'.

அடுத்தது 'நாட்' நிற்கும் இடம். இதைத் தயவுசெய்து கவனியுங்கள். 'ஐ டிட் நாட் இன்ஸ்ட்ரக்ட் ஹிம் டு ஓபன் த வால்வ்' என்றால் திறக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்; எதுவுமே சொல்லாமல் இருந்திருக்கலாம். 'ஐ இன்ஸ்ட்ரக்டட் ஹிம் நாட் டு ஓபன் த வால்வ்' என்றால் திறக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். கேஸ் லைன் ஓடுகிற இடத்தில் ஏதாவது ஆகி விசாரணை வந்தால், எச்சரித்தவருக்கும் சும்மா இருந்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு சொல் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் இருக்கும்.

இந்த வினையில் அதிகாரம் இருக்கிறது. அதனால் மேனேஜரிடம் லீவு கேட்டதை 'இன்ஸ்ட்ரக்டட்' என்று எழுதாதீர்கள், அங்கே 'ரிக்வெஸ்டட்' போதும். வெறும் தகவல் சொன்னதற்கு 'இன்ஃபார்ம்ட்'. சரி, பாரிமுனை ஹைகோர்ட்டில் மட்டும் கட்சிக்காரர் வக்கீலை இன்ஸ்ட்ரக்ட் செய்வதாகச் சொல்கிறார்களே என்றால், அது சரியான பயன்பாடுதான். படித்தவர் வக்கீலாக இருந்தாலும் வழக்கு கட்சிக்காரருடையது, என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவருடையது.

கற்றுக்கொடுப்பது என்ற பொருளில் 'ஹி இன்ஸ்ட்ரக்டட் மீ வெல்டிங்' தவறு. 'டீச்' மாதிரி இது ஆளையும் பாடத்தையும் அப்படியே அடுத்தடுத்து ஏற்காது, நடுவில் 'இன்' வேண்டும்: 'இன்ஸ்ட்ரக்டட் மீ இன் வெல்டிங்'. ஆனால் சாதாரணப் பேச்சுக்கு 'டாட் (taught) மீ வெல்டிங்' என்பதே இயல்பு. அப்புறம், விண்ணப்பத்தில் வரும் 'மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்' கற்பித்தலைக் குறிப்பது, அதன் கடைசியில் 'ஸ்' சேர்க்காதீர்கள். படிப்படியாகச் செய்யச் சொல்லும் குறிப்புகளுக்குத்தான் 'இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்'.

கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் பையன்கள் விளக்கக் கடிதத்தில் 'ஐ வாஸ் இன்ஸ்ட்ரக்டட் டு ஸ்டார்ட் த பம்ப்' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். இலக்கணம் சரி, ஆனால் சொன்னவர் காணாமல் போய்விடுகிறார். 'பை த ஷிஃப்ட் சூப்பர்வைசர்' என்று யார் சொன்னார் என்பதையும், எத்தனை மணிக்கு என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்து எழுதுங்கள்.