கடன் கழுத்தை நெரிக்கும்போது காசு கேட்காமல் உதவுபவர்களை எங்கே தேடுவது

கடன் கட்ட முடியாமல் தவிப்பவரைத் தேடி இப்போது போனிலேயே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். "ஐந்து லட்சம் கடனா, ஒன்றரை லட்சத்தில் முடித்துத் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் இப்போது கட்டுங்கள், அதுவரை வங்கிக்கு டியூ கட்டாதீர்கள், அவர்கள் போனையும் எடுக்காதீர்கள்" என்பார்கள். நம்பிவிடாதீர்கள். தவணை நின்றால் அபராதமும் வட்டியும் ஏறும், கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் சிபில் ஸ்கோர் விழும், வக்கீல் நோட்டீஸ் வரும், பதில் சொல்லவேண்டிய ஆள் நீங்கள்தான், அந்தக் கம்பெனி இல்லை. அவர்கள் செய்வதாகச் சொல்லும் வேலையோ, நீங்களே கிளைக்குப் போய் எழுதிக்கொடுத்தால் பைசா செலவில்லாமல் தொடங்கக்கூடிய வேலை. கடனிலிருந்து மீட்கிறேன் என்று வருபவர் முதலிலேயே பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான உதவி பெரும்பாலும் அரசு அலுவலகங்களில்தான் இருக்கிறது, விளம்பரம் இல்லாததால் பலருக்குத் தெரிவதில்லை. எந்தக் கடனுக்கு எந்த அலுவலகம் என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

அதற்கு முதலில் ஒரு நோட்டை எடுத்து யாரிடம் எவ்வளவு வாங்கினோம், இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறோம், என்ன வட்டி, கையெழுத்துப் போட்டது புரோநோட்டிலா வெற்றுச் செக்கிலா, ஜாமீன் யார் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள், வீட்டில் மறைத்து வைத்திருக்கும் கடனையும் சேர்த்து. வங்கி, ஃபைனான்ஸ் கடன்கள் சரியாகத் தெரியவில்லையென்றால் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தரவேண்டும், அதை எடுத்துப் பாருங்கள். கணக்குப் போட்டுத் திட்டமிடத் துணை வேண்டுமென்றால் வங்கிகள் நடத்தும் நிதி எழுத்தறிவு மையங்களுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. உங்கள் ஊருக்கு அருகில் எங்கே இருக்கிறது என்று மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

வங்கிக் கடன் என்றால் டியூ தவறுவதற்கு முன்பே மேலாளரைப் பார்ப்பது நல்லது. வேலை போனது, மருத்துவச் செலவு என்று காரணத்தை எழுதி, ஆதாரம் சேர்த்து, தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கும்படி கேளுங்கள். ஒரே தொகையாகக் கட்டிக் கணக்கை முடிக்கும் ஓ.டி.எஸ். கடைசி வழி, ஏனென்றால் அது கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகி அடுத்த கடனுக்குத் தடையாக நிற்கும். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விசாரிக்கலாம். அவர் கடனைத் தள்ளுபடி செய்யமாட்டார், ஆனால் விதியை மீறிய வசூலையும் தவறாகப் போட்ட கட்டணத்தையும் தட்டிக்கேட்பார். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்து தொல்லை கொடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லியிருக்கிறது. எந்த நேரத்தில் போன் வந்தது, என்ன பேசினார்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

குழுக் கடன் வாங்கிய பெண்கள்தான் அதிகம் அவமானப்படுகிறார்கள், வசூலுக்கு வருபவர்கள் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு பணம் வராமல் போகமாட்டேன் என்பதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட நுண்கடன் விதிப்படி, வசூல் இருவரும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்கவேண்டும். கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறையாவது அங்கே வராமல் இருந்தால்தான் அவர்கள் வீட்டுக்கே வரலாம். இவர்களுக்குப் போன் நேரமும் இன்னும் குறுகியது, காலை 9 முதல் மாலை 6 வரைதான். மிரட்டுவதும் கெட்ட வார்த்தை பேசுவதும் சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்வதும் தடை செய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் 2025-இல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்திருக்கிறது, அதைச் சொல்லி காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம்.

லோன் ஆப் தொல்லையில் முதல் வேலை, அது எந்த வங்கி அல்லது ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயரில் கடன் கொடுத்தது என்று பார்ப்பது. பெயரே இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் சசேத் (Sachet) என்ற புகார் இணையதளத்தில் புகார் செய்யுங்கள். படத்தை ஒட்டுவேலை செய்து தொடர்பில் உள்ளவர்களுக்கெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டினால் அது கடன் பிரச்சினை இல்லை, குற்றம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள். பயந்து பணம் போட்டால் அடுத்த மிரட்டல் அன்றைக்கே வரும்.

இனி கந்துவட்டி. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல் எல்லாமே குற்றம், 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பலருக்குத் தெரியாத ஒரு வழி அதே சட்டத்தில் இருக்கிறது: வாங்கிய அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யும்படி மனுப் போடலாம். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி. அலுவலகம், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள், 1100 என்ற முதல்வர் உதவி எண், இப்படி மேலே போய்க்கொண்டே இருக்கவேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ரசீது வாங்குங்கள். 2017-இல் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நம்மால் மறக்க முடியாது. அப்படி ஒரு எண்ணம் மனதில் லேசாக வந்தாலும் மனநல உதவி எண்களான 104 அல்லது 14416-ஐ அழையுங்கள், இரண்டும் இலவசம், எந்த நேரத்திலும் பேசலாம்.

எந்தக் கடனாக இருந்தாலும் கோர்ட், நோட்டீஸ் என்று வந்துவிட்டால் போகவேண்டிய இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தாலுகா அளவில் குழுக்களும் உண்டு, எண் 15100. பெண்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். கடன் கட்ட முடியாததற்காகவே போலீஸ் பிடித்துப் போகாது, அது சிவில் விவகாரம். ஆனால் கொடுத்த செக் திரும்பினால் கதை வேறு, நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் கிரிமினல் வழக்குப் போடமுடியும். அதனால் தபால்காரர் கொண்டுவரும் எதையும் வாங்க மறுக்காதீர்கள், வாங்கிக்கொண்டு நேராக ஆணைக்குழுவுக்குப் போங்கள். மஞ்சள் கடுதாசி, அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் திவால் மனுவான ஐ.பி. கொடுப்பது சரிப்படுமா என்பதையும் அங்குள்ள வக்கீலிடமே கேளுங்கள், பாதிச் சொத்தை மறைத்துவிட்டு ஐ.பி. கொடுக்கலாம் என்று டீக்கடையில் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

பணப் பிரச்சினைகளை ஆணைக்குழு பெரும்பாலும் இரு தரப்பையும் பேசி சமரசம் செய்யும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) அனுப்பும். அங்கே கட்டணம் இல்லை, வட்டியில் நன்றாகக் குறைத்துப் பேசவும் முடியும். ஆனால் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் இறுதி, அப்பீல் கிடையாது. எதிரே வங்கி அதிகாரி உட்கார்ந்திருக்கும் கூச்சத்தில் முடியாத தொகைக்குத் தலையாட்டிவிடாமல், மாதம் இவ்வளவுதான் முடியும் என்று சொல்லி, தவணைகளைத் தேதியோடு தீர்வு ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள். கடைசித் தவணை கட்டிய அன்று பாக்கியில்லாச் சான்று, கொடுத்த வெற்றுச் செக், புரோநோட்டு, பத்திரம் எல்லாவற்றையும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.