வன்னியில் விவாகரத்து வழக்கு: எந்த நீதிமன்றம், என்ன கடதாசி, எங்கே இழுபடும்

பிரிந்து வாழ்வது வேறு, விவாகரத்து வேறு. பொலிஸில் எழுதிக் கையெழுத்து வைத்த உடன்படிக்கையோ, மத்தியஸ்த சபையில் பேசித் தீர்த்ததோ, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தாலியைக் கழற்றிக் கொடுத்ததோ திருமணத்தை முறிக்காது. பத்து வருடம் ஆளையாள் பாராமல் இருந்தாலும் சட்டத்தில் நீங்கள் கணவன் மனைவிதான். போர்க்காலத்தில் புலிகளின் நிர்வாகத்தில் இயங்கிய நீதிமன்றங்களில் விவாகரத்துப் பெற்றவர்களும் வன்னியில் இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்புகளை இலங்கைச் சட்டம் ஏற்பதில்லை. அவற்றை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. தண்டனைச் சட்டக்கோவையின் 362ஆ பிரிவின்படி ஏழு வருடம் வரை சிறை செல்லக்கூடிய குற்றமும் ஆகிவிடும். ஆகவே பழைய கடதாசி ஏதும் கையில் இருந்தால், வேறு எதையும் தொடங்குமுன் அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

குடும்ப நீதிமன்றம் என்று தனியாக ஒரு கட்டடத்தைத் தேட வேண்டாம். விவாகரத்தையும் பிள்ளைகளின் பொறுப்பையும் விசாரிப்பது மாவட்ட நீதிமன்றம். வழக்குப் போடுபவர் வசிக்கும் இடம் எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் வழக்கு: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார். எல்லையோரத்தில் இருப்பவர்கள் நீதிமன்றப் பதிவகத்தில் முதலே கேட்டுக்கொள்வது நல்லது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். பிழையான இடத்தில் போட்டுத் திரும்பிவரும் அலைச்சலைத் தாங்க எல்லோராலும் முடியாது. இருவரும் முஸ்லிம்கள் என்றால் பாதை வேறு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கீழே வருவது மற்றவர்களுக்கு.

எதை நிரூபிக்க வேண்டும்

"எங்கள் இரண்டு பேருக்கும் சம்மதம், கையெழுத்து வைத்தால் முடிந்துவிடும்தானே?" இந்தக் கேள்வி எல்லோரிடமும் உண்டு. முடியாது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களைத்தான் ஏற்கிறது: திருமணத்துக்குப் பின் வேறொருவருடன் உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த குணமாகாத பாலுறவு இயலாமை. ஒருவரது தவறு நிரூபிக்கப்பட வேண்டும். இருவரும் கூட்டுச் சேர்ந்து பொய்க் காரணம் சோடித்தது தெரிந்தால் நீதிபதி வழக்கையே தள்ளிவிடுவார். மற்றவர் வழக்கை எதிர்க்காமல் விடலாம். பிள்ளைகள், பணம், நகை பற்றி இருவரும் இணங்கி எழுதிக் கொடுக்கலாம். காரணத்தை மட்டும் சாட்சியத்தால்தான் நிறுவ வேண்டும்.

நடைமுறையில் கைவிட்டுப் போதல்தான் பலருக்கும் பொருந்தும். இதில் இரண்டு கூறுகள் உண்டு. ஒருவர் சேர்ந்து வாழ்வதை விட்டுப் போயிருக்க வேண்டும். திரும்பி வருவதில்லை என்ற எண்ணத்துடனேயே போயிருக்க வேண்டும். அடித்து உதைத்து, வீட்டில் இருக்க முடியாத நிலையை உண்டாக்கி மனைவியை வெளியேற வைத்தால், வீட்டிலேயே இருந்தாலும் கைவிட்டவர் கணவன்தான். அதனால் "நான்தானே வெளிக்கிட்டு வந்தனான், வழக்கில் தோற்றுவிடுவேன்" என்று பெண்கள் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது கூறில்தான் வன்னி வழக்குகள் சிக்குகின்றன. 2009இல் ஒருவர் மெனிக்பாம் அகதி முகாமுக்கும் மற்றவர் வேறு எங்கோவும் போய்ப் பிரிந்தது கைவிடல் ஆகாது; அது போர் பிரித்தது. பிறகு வரச் சொல்லிக் கேட்டபோது மறுத்தாரா, தொடர்பை அறுத்தாரா, வேறு குடும்பம் அமைத்தாரா என்பதிலிருந்துதான் உங்கள் வழக்கு தொடங்கும். கூப்பிட்டு அனுப்பிய பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு, வைபர், வட்ஸ்அப் செய்திகள், பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கம், கூடப்போய்ப் பேசிய உறவினரின் பெயர் எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியை மாற்றும்போது செய்திகள் அழிந்துபோகும். இப்போதே படம் எடுத்து வேறோர் இடத்திலும் சேமியுங்கள்.

ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகக் கிடைக்கும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 608ஆம் பிரிவு ஏழு வருடப் பிரிவைச் சொல்வது உண்மைதான். ஆனால் அது விண்ணப்பிக்கும் முறையை மட்டும் சொல்கிறது, தவறு நிரூபிக்கப்படவே வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1986இல் தீர்த்துவிட்டது.

வேறு உறவு என்று குற்றம் சாட்டினால், அந்த மூன்றாம் ஆளையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். அவருடைய பெயரும் விலாசமும் தேவைப்படும், அவருக்கும் அழைப்பாணை போக வேண்டும். வழக்கு நீளும், ஊரில் பேச்சும் எழும். கைவிடலை நிரூபிக்க முடியுமானால் அதையே பிடிப்பதுதான் நல்லது, அதுவும் பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போகும் சிறிய ஊர்களில்.

கடதாசிகள்

விவாகப் பதிவுச் சான்றிதழின் சான்றுபடுத்திய பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம். இவை அடிப்படை. விவாகச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பதிவு நடந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் திகதியையும் பதிவாளர் பெயரையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். சரியான நாள் தெரியாவிட்டால் முன்பின்னாக மாதங்களைக் குறித்துத் தேடும்படி கேட்கலாம். அங்குள்ள பதிவேடு அழிந்திருந்தாலும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் அதன் மறுபிரதி இருக்கக்கூடும். அங்கும் விண்ணப்பிக்காமல் கைவிட வேண்டாம்.

பதியாமலே நடந்த கல்யாணங்கள் போரின் கடைசிக் காலத்தில் எத்தனையோ. வழக்கப்படி தாலி கட்டி நடந்த திருமணம் பதியாவிட்டாலும் சட்டத்தில் செல்லுபடியாகும். ஆனால் அதை நீங்கள் நிரூபிக்க வேண்டும்: சடங்கு செய்த ஐயர், கூட நின்ற உறவினர், படங்கள், இருவர் பெயரும் கணவன் மனைவி என்று உள்ள குடும்ப அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்.

வழக்கு போகும் விதம்

சட்டத்தரணி, உங்கள் சார்பில் வழக்காட அதிகாரம் கொடுக்கும் பிரொக்சியில் கையெழுத்து வாங்கி, உங்கள் கோரிக்கைகளை எழுதிய வழக்குரையைத் தாக்கல் செய்வார். கையெழுத்து வைக்குமுன் அதை முழுதாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வழக்குரையில் கேட்காததைத் தீர்ப்பில் எதிர்பார்க்க முடியாது. பிள்ளையின் பொறுப்பு, நிரந்தரத் தாபரிப்பு (வாழ்க்கைச் செலவுக்கான பணம்), திருப்பித்தர வேண்டிய சீதன நகையும் காசும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நகையென்றால் "நகைகள்" என்று மட்டும் எழுதினால் போதாது. எது எத்தனை பவுண், யார் போட்டது, இப்போது யாரிடம், அடகில் என்றால் எங்கே என்று ஒவ்வொன்றாக வர வேண்டும்.

அடுத்தது அழைப்பாணை. வழக்குகள் அதிகம் தேங்கும் இடம் இதுதான். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பலரின் விலாசம் வீட்டுத்திட்டத்தின் பெயரோடு நின்றுவிடுகிறது. அழைப்பாணையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பிஸ்கால் உத்தியோகத்தர் போய், "இந்த விலாசத்தில் ஆள் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினால் அடுத்த தவணை மாதங்கள் தள்ளிப்போகும். கிராம அலுவலர் பிரிவு, ஒழுங்கையின் பெயர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம், தற்போதைய தொலைபேசி இலக்கம் வரை கொடுங்கள். ஆள் வெளிநாட்டில் என்றால் நீதிமன்ற அனுமதி பெற்று அங்கே அழைப்பாணை அனுப்ப வேண்டும், அது இன்னும் நீளும். அவர் அங்கே எடுத்த விவாகரத்துத் தீர்ப்பும் இங்குள்ள பதிவைத் தானாக மாற்றாது.

அழைப்பாணை கிடைத்தும் மற்றவர் வராவிட்டால் வழக்கு ஒருதலை விசாரணைக்குப் போகும். நீங்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். கேள்விகள் பெரும்பாலும் இப்படி வரும்: எப்போது, எங்கே திருமணம்? பிறகு எந்த ஊரில் குடியிருந்தீர்கள்? எத்தனை பிள்ளைகள்? அவர் எந்த நாளில் போனார், போகும்போது என்ன சொன்னார்? திரும்பக் கூப்பிட்டீர்களா, என்ன பதில் வந்தது? உங்கள் பதில் வழக்குரையில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். திகதிகள் முரண்பட்டால் உண்மையான வழக்கே பலவீனப்படும். விசாரணைக்கு முந்தின நாள் வழக்குரையை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள்.

மற்றவர் வந்து மறுமொழி தாக்கல் செய்தால் எழுவினாக்கள், அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள், வரையப்பட்டு முழு விசாரணை நடக்கும். எந்த வழியில் விவாகரத்துக் கிடைத்தாலும் முதலில் வருவது டிக்ரி நைசை என்ற இடைக்காலக் கட்டளை. குறைந்தது மூன்று மாதம் கழிந்த பின்னரே அது இறுதிக் கட்டளையாகும். வராமல் இருந்தவர், கட்டளை தன் கைக்குக் கிடைத்து 14 நாட்களுக்குள் தக்க காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். இந்த இடைவெளியில் யாரும் கல்யாணம் பேசி நாள் வைக்கக் கூடாது.

தாபரிப்புக்குக் காத்திருக்க வேண்டாம்

பிள்ளைக்குப் பால்மாவுக்குக் காசில்லாமல் விவாகரத்து முடியும்வரை பொறுத்திருக்கும் தாய்மாரைப் பார்க்கும்போது, இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லையே என்ற ஆதங்கம் வருகிறது. தாபரிப்பு தனி வழக்கு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் உடனேயே போடலாம், விவாகரத்துக் கேட்காமலும் போடலாம். திருமணம் நடக்காமல் பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் கேட்கலாம். அவர் எங்கே வேலை, சம்பளம் எவ்வளவு, வயல் எத்தனை ஏக்கர், உழவு இயந்திரம் உண்டா என்று விபரம் கொண்டுபோங்கள். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலிருந்தே கழிக்கும்படி கட்டளை பெறலாம். கட்டாமல் விட்டால், தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: விவாகரத்து முற்றானதும் மனைவி என்ற முறையில் பெற்ற தாபரிப்பு நின்றுவிடும், பிள்ளையினது தொடரும். அதனால்தான் நிரந்தரத் தாபரிப்பை விவாகரத்து வழக்குரையிலேயே கேட்க வேண்டும்.

வீட்டில் அடி என்றால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அதே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை கிடைக்கலாம், பின்னர் வருவது 12 மாதம் வரை செல்லும். ஆஸ்பத்திரியில் காட்டும்போது காயம் எப்படி வந்தது என்ற உண்மையைச் சொல்லுங்கள். "விழுந்துவிட்டேன்" என்று பதிந்தால் அதுவே பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும்.

காணியும், காணாமற்போனவரும்

வட மாகாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்கும் இடம் தெரியாவிட்டால், காரணமின்றிக் கையெழுத்து மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி தரலாம். இதற்கு விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரச அனுமதிப்பத்திரக் காணியில் விவாகரத்துத் தீர்ப்பு தானாகப் பெயரை மாற்றாது. அதற்குப் பிரதேச செயலகத்தில் தனியாக அலுவல் பார்க்க வேண்டும்.

கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் அவர் கைவிட்டுப் போனார் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழுக்கு இடம் தருகிறது. அது அவர் இறந்ததாகச் சொல்வதில்லை, திருமணமும் அப்படியே நிற்கும். மரணச் சான்றிதழ் எடுப்பதா இல்லையா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. எந்த அலுவலரும் உறவினரும் அதற்கு அவசரப்படுத்தக் கூடாது.

சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்துக்குப் போகலாம். எங்கே என்று நீதிமன்றத்தில் கேட்டால் சொல்வார்கள். போகும்போது வருமானத்தைக் காட்டும் கிராம அலுவலர் கடிதத்தையும் கொண்டுபோங்கள். வழக்கு முடிந்து மூன்று மாதமும் கழிந்ததும் இறுதிக் கட்டளை பதியப்பட்டதா என்று பதிவகத்தில் நேரே கேளுங்கள். சான்றுபடுத்திய பிரதிகள் இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். மறுமணப் பதிவுக்கும், வெளிநாட்டு விசாவுக்கும் இடைக்காலக் கட்டளையின் பிரதி உதவாது. இறுதிக் கட்டளையைத்தான் கேட்பார்கள்.