புதியவரிடம் குறும்பு செய்யும் முன்
குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டருக்கு உதவியாளாகச் சேர்ந்த புதியவரை, ரசமட்டத்துக்கு (தளம் சமமா என்று காட்டும் கருவி; அதிலுள்ள குமிழி வெறும் காற்றுதான்) அரை டஜன் குமிழி வாங்கிவரச் சொல்லி ஸ்டோருக்கு அனுப்பலாம். ஆனால் ஸ்டோர்காரரிடம் முன்பே சொல்லிவைத்து, பத்து நிமிடத்துக்குள் உண்மையை உடைத்து, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாத இடதுகை ஸ்பேனரைக் கேட்டு அனுப்புவது பழைய சரக்கு. இப்போது எவரும் ஏமாறுவதில்லை.

இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி இயந்திரம், உலர்த்தியின் அடுப்பு, மின்பலகை ஆகியவற்றின் அருகே எந்தக் குறும்பும் கூடாது. சிடிசியின் பல்லுருளைகள் ஏறத்தாழப் பத்து மடங்கு வேறுபட்ட வேகத்தில் எதிரெதிராகச் சுழல்பவை என்பதால், இலையோடு விரல் சிக்கினால் இழுத்து மீட்க நேரமிருக்காது. பழுதுபார்க்க நிறுத்திய இயந்திரத்தின் சுவிட்சில் தொங்கும் எச்சரிக்கை அட்டையைக் கேலிக்காகக் கழற்றுபவரைப் பற்றி உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

அனுப்பப்படுபவர் நீங்களானால், "எந்த அளவு, எந்த மெஷினுக்கு அண்ணா?" என்று பணிவாகக் கேளுங்கள், அனுப்பியவரே விழிப்பார்.