அடிலெய்டிலிருந்து உலுருவுக்கு: கூடாரத்தோடு கிளம்பும் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

அடிலெய்டிலிருந்து, ஆஸ்திரேலியாவின் நடுவே நிற்கும் பெரும் பாறையான உலுரு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். மேப்பில் போட்டுப் பார்த்தால் பதினாறு, பதினேழு மணி நேரம் என்று காட்டும். "அப்போ ரெண்டு நாள் போதும்" என்று அங்கேயே முடிவாகிவிடும். ஜூலை பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்துக்குக் கிளம்பும் குடும்பங்கள் செய்கிற முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன.

மேப் சொல்லும் நேரத்தில் பெட்ரோல் போடுவதும், பிள்ளைகளுக்கு அவசரமாக வருவதும் சேர்த்தியில்லை. அதைவிடப் பெரிய சங்கதி, ஜூலையில் அங்கே குளிர்காலம், மாலை ஆறு மணி சுமாருக்கே பொழுது சாய்ந்துவிடும். இருட்டிய பிறகு, வடக்கே போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஓட்டவே கூடாது. கங்காருக்கள் மேயக் கிளம்புவது அந்தியிலும் விடியலிலும்தான். பல இடங்களில் வேலி கிடையாது, அதனால் மாடுகள் ரோட்டிலேயே நிற்கும். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் மாடு தெரியும்போது பிரேக் பிடித்துப் பயனில்லை. வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டி விபத்தானால் காப்பீடு கிடையாது என்று பல நிறுவனங்கள் அதிலேயே எழுதியிருப்பார்கள். தார் போடாத சாலைக்கும் அதே கதைதான்.

ஆகவே நான்கு நாள் என்று போடுங்கள். முதல் இரவு போர்ட் அகஸ்டா, இரண்டாவது கூபர் பீடி, மூன்றாவது, உலுருவுக்குத் திரும்பும் சந்திப்பான எர்ல்டன்டா. நான்காம் நாள் மதியத்துக்குள், உலுருவுக்குப் பக்கத்து ஊரான யுலாரா. இதில் நீளமான நாள் போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடி வரையிலான 540 கிலோமீட்டர். காலை எட்டுக்குக் கிளம்பினால் மூன்று, நான்கு மணிக்குச் சேரலாம். அந்த வெளிச்சம் வேண்டும், ஏனென்றால் கூபர் பீடியில் மண் என்று பெயருக்குத்தான் இருக்கிறது, அடியில் கல். கூடாரத்தோடு கொடுக்கும் மெல்லிய கம்பி முளைகளைச் சுத்தியலால் அடித்தால், பாதி இறங்கியதும் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். தடித்த இரும்பு முளைகளைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஊரைச் சுற்றி ஓபல் என்ற ரத்தினக்கல்லுக்காகத் தோண்டிய குழிகள் மூடாமல் கிடப்பதால், போட்டோ எடுக்கிறேன் என்று பின்னால் நகராதீர்கள். பிள்ளைகளின் கையை விடவே கூடாது.

பெட்ரோல் விஷயத்தில் மேப்பை நம்பாதீர்கள். அதில் பெயர் போட்டிருக்கும் இடமெல்லாம் ஊர் இல்லை, பல இடங்கள் வெறும் மாட்டுப் பண்ணைகள். போர்ட் அகஸ்டாவைத் தாண்டி வரும் பிம்பாவுக்கும் கூபர் பீடிக்கும் நடுவே 360 கிலோமீட்டருக்கு மேல். இடையில் இருப்பது கிளென்டாம்போ ஒன்றுதான். அங்கே பங்க் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கூரை மேல் மூட்டையைக் கட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் ஓட்டினால், வழக்கமான மைலேஜில் ஒரு பங்கு காணாமல் போகும். பாதி டேங்க் ஆனதும் நிரப்பிவிடுங்கள். விலை உறைத்தாலும் பரவாயில்லை.

பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்து பருத்தி உடுப்பாகவே அடுக்கிக்கொண்டு வருபவர்கள் நிறைய. ஜூலை இரவில் உலுரு பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போவதும் உண்டு. குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து ஏறுவதுதான் அதிகம். காற்று மெத்தைக்குள் இருக்கும் காற்றே சில்லிட்டுப்போகும், முதுகு விறைக்கும். மேலே இன்னொரு போர்வை போர்த்துவதைவிட, மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு கம்பளியை விரிப்பதுதான் கைகொடுக்கும். டிசம்பர், ஜனவரி விடுமுறையில் போகலாமா என்று கேட்டால், சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம் என்பதே என் பதில். 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். 36 டிகிரியோ அதற்கு மேலோ போகும் என்று அறிவிப்பு வந்தால், அந்தப் பக்கம் பலரும் போகிற கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பு நடைபாதையில் காலை 9 மணிக்குப் பிறகு கிளம்பவே விடமாட்டார்கள்.

தண்ணீர் ஆளுக்கு, நாளுக்குப் பத்து லிட்டர் என்று கணக்கு வைத்தால் நிம்மதி. குடிக்க அவ்வளவு வேண்டாம்தான். ஆனால் சோறு வடித்து, குக்கர் கழுவி, சாம்பார் சட்டியைத் தேய்க்கும் நமக்கு அது வேண்டும்.

காய்கறிக்கும் சட்டம் உண்டு. மெல்பர்னிலிருந்தோ சிட்னியிலிருந்தோ அடிலெய்ட் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் நுழைகிறவர்கள், விளைச்சலைக் கெடுக்கும் பழ ஈ காரணமாகப் பழங்களைக் கொண்டுவர முடியாது. தக்காளியும் பச்சை மிளகாயும்கூட அந்தப் பட்டியலில்தான் வரும். தெரியாது என்று சொன்னாலும் அபராதம் உண்டு. காய்கறியை அடிலெய்டிலோ போர்ட் அகஸ்டாவிலோ வாங்கிக்கொள்ளலாம்.

ஊருக்கு வெளியே இறங்குகிறவர்களை ஏமாற்றுவது வறண்ட ஆற்றுப்படுகை. வழவழப்பான மணல், பக்கத்தில் பெரிய யூகலிப்டஸ் மரத்து நிழல், கூடாரம் போடக் கை பரபரக்கும். இரண்டுமே வேண்டாம். எங்கோ தொலைவில் பெய்த மழை, இங்கே ஒரு சொட்டு விழாமலே வெள்ளமாக வரும். அந்த மரங்களோ காற்றே இல்லாத நேரத்திலும் பெரிய கிளையை முறித்துப் போடும்.

எர்ல்டன்டாவிலிருந்து மேற்கே திரும்பி வெகுதூரம் போனதும் இடப்பக்கம் தட்டையான தலையோடு ஒரு மலை தெரியும். வண்டியை நிறுத்தி, "உலுரு வந்தாச்சு" என்று படமெடுத்து வீட்டுக்கு அனுப்பாதவர் குறைவு. அது மவுன்ட் கானர். இது மன்னிக்கக்கூடிய தவறு. உலுரு தேசியப் பூங்காவுக்குள் கூடாரம் போடலாம் என்று நம்பி வருவதுதான் சிக்கல். உள்ளே அனுமதியில்லை, யுலாராவில்தான் தங்க வேண்டும். ஜூலையில் இடம் கிடைக்கப் பல மாதம் முன்பே பதிய வேண்டும். பாறைமேல் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடை. மண்ணின் உரிமையாளர்களான அனங்கு மக்களுக்குப் புனிதமான சில பகுதிகளில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கும், மதியுங்கள்.

திரும்பும்போது ஊட்னடாட்டா மண் பாதையில் வந்தால் என்ன என்று யாராவது ஆசை காட்டுவார்கள். மார்லாவிலிருந்து மாரி வரை 600 கிலோமீட்டருக்கு மேல் தார் கிடையாது. இரண்டு ஸ்டெப்னியும், டயர் காற்றைக் குறைத்து ஏற்றத் தெரிந்த ஆளும், உயரமான வண்டியும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். மழை பெய்து சாலை மூடல் பலகை வைத்திருந்தால் மீறிப் போகாதீர்கள், அபராதம் கடுமை. வண்டி நின்றுவிட்டால் உதவி தேடி நடக்கக் கூடாது. தேடி வருகிறவர்கள் கண்ணில் படுவது மனிதன் அல்ல, வண்டிதான். போன் சிக்னல் ஊர்களை ஒட்டி மட்டுமே என்பதால், எந்த வழி, எந்த நாள் சேர்வோம் என்பதைக் கிளம்பும்முன் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சேர்ந்ததும் மறக்காமல் அவருக்குப் போன் போடுங்கள், இல்லாவிட்டால் போலீஸ் தேடக் கிளம்பிவிடும்.