உரம் தூவும் கருவி வாங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுக்குக் கிழக்கே தமிழக எல்லையை ஒட்டிய வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கமெல்லாம் உரம் வீச ஆள் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஆள் இருந்தாலும் மேலுரம் போட வேண்டிய நாளில் கிடைப்பதில்லை. அதனால் தூவும் கருவி வாங்க நினைப்பது நியாயம்தான். ஆனால் கடையில் பலர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ பிடிக்கும், என்ன விலை?" என்றுதான். எதைத் தூவப் போகிறோம், எந்த மண்ணில் நடக்கப் போகிறோம் என்ற இரண்டையும் முடிவு செய்த பிறகுதான் விலைக்கே வர வேண்டும்.

ஆன்லைனில் தேடினால், இரண்டு சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வகை நிறைய வரும். குளிர் நாடுகளில் வீட்டு வாசலிலும் நடைபாதையிலும் உறைந்த பனிக்கட்டி மேல் உப்புத் தூவவும், புல்வெளிக்கு உரம் போடவும் செய்யப்பட்டவை அவை. சக்கரம் உருண்டால்தான், தொட்டிக்கு அடியில் இருந்து உரத்தை வீசும் தட்டு சுழலும். கெட்டித் தரையில் அருமையாக வேலை செய்யும். நெல் வயல் சேற்றில் சக்கரம் புதையும், சறுக்கும். தட்டு நின்றுவிடும், தொட்டியிலிருந்து உரம் இறங்கும் வாய் திறந்தே இருப்பதால் உரம் அதே இடத்தில் குவியும். குவிந்த இடத்தில் பயிர் கருகும். உப்புக்கென்றே செய்த மாடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கல்லுப்பு பருமனானது, அதனால் வாய் அகலம். யூரியா குருணை அதில் கட்டுக்கடங்காமல் இறங்கும்.

நெல்லுக்கு, நெஞ்சில் மாட்டிக் கையால் சுற்றும் வகையோ முதுகில் மாட்டும் பேட்டரி வகையோதான் ஒத்துவரும். இங்கேயும் பெரிய தொட்டிக்கு ஆசைப்பட வேண்டாம். முழுத் தொட்டியைச் சுமந்து சேற்றில் கால் எடுத்து வைப்பவருக்குத்தான் அந்தப் பாரம் தெரியும். கடலை, மக்காச்சோளம் விதைக்கும் காய்ந்த நிலத்துக்கு அடியுரம் போட டிராக்டரில் மாட்டும் கூம்பு வகை நல்லது. ஒரே சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். என்ஜின் வேகம் குறைந்தால் வீச்சும் குறுகும்.

அடுத்த தவறுதான் மகசூலில் கை வைப்பது: அளவு பார்க்காமல் நேராக வயலில் இறங்குவது. வாயை எவ்வளவு திறக்கலாம் என்று கருவி மேலே போட்டிருக்கும் எண்ணை நம்பித் திறந்துவிடுகிறார்கள். அந்த எண் எல்லா உரத்துக்கும் பொருந்தாது. கணக்கு சுலபம். ஏக்கருக்கு ஒரு மூட்டை, அதாவது 45 கிலோ யூரியா என்றால் சென்ட்டுக்கு 450 கிராம். ஐந்து சென்ட்டை அளந்து குச்சி நட்டுக்கொள்ளுங்கள். இரண்டேகால் கிலோவை எடைபோட்டுத் தொட்டியில் கொட்டி, எப்போதும் நடக்கும் வேகத்திலேயே நடங்கள். பாதியிலேயே தீர்ந்தால் வாயைக் குறையுங்கள், மிஞ்சினால் கொஞ்சம் திறங்கள். உரம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

யூரியா லேசானது, டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கனமானது. ஒரே தட்டில் சுழன்றாலும் டி.ஏ.பி. தூரம் போகும், யூரியா கிட்டத்தில் விழும். இரண்டையும் கலந்து தூவினால் வயலில் பட்டை பட்டையாகப் பச்சை தெரிவது இதனால்தான். தனித்தனியாகத் தூவுங்கள். வீச்சின் ஓரத்தில் உரம் மெலிந்தே விழும் என்பதால், அடுத்த நடை முந்தின வீச்சின் மேல் கொஞ்சம் ஏறித்தான் போக வேண்டும்.

சுண்ணாம்புத் தூளுக்கும் இதே கருவி போதும் என்று நினைக்காதீர்கள். சுழல் தட்டு குருணையைத்தான் எறியும், தூள் பறக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சொல்லவே வேண்டாம், பக்கத்து வயலுக்கும் நம் கண்ணுக்கும்தான் போகும். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. தூளை நேராகக் கீழே உதிர்க்கும் பெட்டி வகை வேறு இருக்கிறது. அதற்கும் முன்னால் கிருஷி பவனில் (கேரள அரசின் வேளாண் அலுவலகம்) கேட்டு மண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்கில் கரிசல் மண் இருக்கிறது, அதற்குப் பெரும்பாலும் சுண்ணாம்பே தேவைப்படாது. அப்புறம், தென்னைக்கு உப்பு வைக்கிறவர்கள் அதற்காக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். வட்டப்பாத்தியில் கையால் போடுவதே சரி.

யூரியாவும் உப்பும் ஈரம் இழுக்கும், இரும்பை அரிக்கும். அதனால் தொட்டி பிளாஸ்டிக்கிலும் தட்டும் திருகுகளும் துருப்பிடிக்காத எஃகிலும் இருக்கிறதா பாருங்கள். மிச்ச உரத்தைத் தொட்டியிலேயே விட்டால் மறுநாள் கட்டியாகிவிடும். தூவி முடித்த அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பல்சக்கரத்துக்குக் கிரீஸ் போடுங்கள்.

முதலில் தேய்வது அந்தப் பல்சக்கரம்தான். அது தனியாகக் கிடைக்குமா, பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ யார் மாற்றித் தருவார்கள் என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கடைக்காரரிடம் பதில் இல்லையென்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.