ஒரே முகவரிக்கு இரண்டு கணினிகள்: கடையிலும் பள்ளியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் பிரிண்டர் காணாமல் போனாலும், பில் அடிக்கும் கணினி திணறினாலும் முதலில் வரும் பேச்சு “லைன் சரியில்லை” என்பதுதான். ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், இரண்டு நாளில் திரும்ப வரும். இப்படி வந்து வந்து போகிற கோளாறு என்றால், வெளியே இருக்கும் லைனைத் திட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் முகவரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் மோதல்.

ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. தயாரிக்கும்போதே பதிவது மேக் எண். 48 பிட் நீளம், அதன் முதல் பாதி தயாரிப்பாளரைக் காட்டும். ஐபி முகவரி, சேர்ந்திருக்கும் வலையமைப்பு தருவது. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு (புதுக் குடியிருப்புப் பகுதிக்கு) குடிபோனாலும் ஐசி (அடையாள அட்டை) எண் அப்படியே இருக்கும், வீட்டு எண்தான் மாறும் அல்லவா, அதே கணக்கு. ஆனால் கைப்பேசியில் இந்தக் கணக்கை நம்பக்கூடாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் வைஃபையில் சேரும்போது கைப்பேசிகள் மாற்று மேக் எண்ணைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மேக் எண்ணை மட்டும் வைத்து யாரை உள்ளே விடலாம் என்று பூட்டுப் போட்டால் அது நிற்காது.

அடிக்கடி நடக்கும் தவறுக்கு வருகிறேன். பிரிண்டர் முகவரி மாறிக்கொண்டே இருக்கிறது என்று, அதன் திரையில் அன்று தெரிகிற 192.168.0.104 என்பதையே நிலையான முகவரியாகக் கையால் பதிந்துவிடுவார்கள். அன்றைக்கு அருமையாக ஓடும். இரவில் பிரிண்டரை அணைப்பார்கள். முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுப்பது ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி சேவை. அதற்கு நீங்கள் பிரிண்டரில் பதிந்தது தெரியாது. 104-ஐக் கொடுத்தபோது வைத்த தவணை (அந்த முகவரியை வைத்திருக்கலாம் என்ற கால அளவு) முடிந்ததும் அது காலி என்றே எடுத்துக்கொள்ளும். காலையில் கடைப் பையனின் கைப்பேசி வந்து முகவரி கேட்கும். கொடுப்பதற்கு முன் ‘இந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா’ என்று கேட்டுப் பார்க்கும் ரவுட்டர்களும் உண்டு. அணைந்து கிடக்கும் பிரிண்டர் எப்படிப் பதில் சொல்லும்? 104 கைப்பேசிக்குப் போய்விடும். பத்து மணிக்குப் பிரிண்டரைப் போட்டதும் இரண்டும் ஒரே எண்ணுக்கு நிற்கும். பில் ஒரு முறை வரும், ஒரு முறை வராது.

இதற்கு இரண்டு வழி. ரவுட்டரில் டிஎச்சிபி பங்கிடும் வரம்பை, முகவரியின் கடைசி எண் 100 முதல் 199 வரை என்று குறுக்கிவிட்டு, கையால் போடுகிறவற்றை 10 முதல் 50-க்குள் வைக்கலாம். இன்னும் நல்லது, பிரிண்டரின் மேக் எண்ணுக்கு ரவுட்டரிலேயே ஒரு முகவரியை ஒதுக்கிவிடுவது. அப்போது கொடுப்பவரும் கணக்கு வைத்திருப்பவரும் ஒருவரே. என் சிபாரிசு இதுதான்.

அடுத்தது இரண்டாவது ரவுட்டர். மேல்மாடியில் சிக்னல் இல்லை என்று இன்னொன்றை வாங்கி, கீழேயிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் (உள் கருவிகளை இணைக்கும் துளை) செருகிவிடுவார்கள். இப்போது கடைக்குள் இரண்டு டிஎச்சிபி. ஒரு கணினி முகவரி கேட்டு எல்லோருக்கும் குரல் கொடுக்கும். இரண்டும் பதில் சொல்லும். பொதுவாக முந்தி வந்ததை அது பிடித்துக்கொள்ளும். புது ரவுட்டரிடம் வாங்கியவர்களுக்கு வெளியே போகும் வழியாகவும் அந்தப் பெட்டியே காட்டப்படும், அதற்கோ நேரடி லைன் கிடையாது. அதனால்தான் “உனக்கு வருது, எனக்கு வரலை” என்ற பேச்சு. புதியதைக் கழற்றிய பிறகும் சிலருக்கு உடனே சரியாகாது, ஏனென்றால் வாங்கிய முகவரியைத் தவணை முடியும் வரை கணினி விடாது. வைஃபையைத் துண்டித்து மறுபடி சேர வேண்டும். வான் துளையில் (வெளி லைனுக்கான துளை) செருகினால் மோதல் குறையும், ஆனால் மேல்மாடி தனி வலையமைப்பாகப் பிரிந்து, கீழே இருக்கும் பிரிண்டர் தேடினாலும் கிடைக்காது. இரண்டாவது ரவுட்டரை அக்சஸ் பாயிண்ட் நிலைக்கு (முகவரி பங்கிடாமல் வைஃபை மட்டும் கொடுக்கும் நிலை) மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அதன் டிஎச்சிபியை அணைத்து, பங்கிடும் வரம்புக்கு வெளியே அதற்கென ஒரு முகவரி கொடுத்து, லேனிலிருந்து லேனுக்கு இணையுங்கள்.

கோயில் மண்டபத்தில் கல்யாணத்தன்று வைஃபை நின்றுபோவதும் முகவரிப் பிரச்சினையாக இருக்கலாம். வழக்கமான சிறு வலையமைப்பில் மொத்தமே 254 முகவரிகள். தவணை 24 மணி நேரம் என்றிருந்தால், காலையில் வந்து சாப்பிட்டுப் போனவரின் எண் மறுநாள் வரை அவர் பெயரிலேயே கிடக்கும். தவணையை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள். மடிக்கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், முகவரி கொடுக்க யாருமில்லாமல் அது தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள்.

சிசிடிவியை வீட்டிலிருந்து பார்க்க நினைப்பவர்கள் 192.168 எண்ணை வெளியிலிருந்து தட்டிப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள். அது உள்வட்டப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய வரிசை. உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளில் அதே எண் இருக்கும். ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127-க்குள் இருந்தாலும் போர்ட் திறந்து (வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் வழி விட்டு) பயனில்லை, சேவை நிறுவனமே பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. காரணம் முகவரித் தட்டுப்பாடு: பழைய ஐபி முறையில் (ஐபிவி4) இருப்பதே சுமார் 429 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. போர்ட் திறக்க முடிந்தாலும் திறக்காதீர்கள். கேமரா பெட்டியோடு வந்த கடவுச்சொல்லையே மாற்றாமல் இணையத்தில் நிறுத்துவது மிக ஆபத்து. விபிஎன் (இணையத்தின் ஊடே போடும் பாதுகாப்பான தனிவழி) வழியாக உள்ளே வாருங்கள்.

ரவுட்டர் மாற்றும் நாளில் கூடுதல் கவனம் தேவை. பழையது 192.168.0 வரிசையில் ஓடியிருக்கும், புதியது 192.168.1 என்று வந்து நிற்கும். தானாக முகவரி வாங்குகிற கைப்பேசிகள் பிழைத்துக்கொள்ளும். கையால் பதிந்த பில் கணினியும் பிரிண்டரும் கேமரா பெட்டியும் பழைய வரிசையிலேயே அநாதையாக நிற்கும். பழையதைக் கழற்றும் முன் அதன் லேன், டிஎச்சிபி பக்கங்களையும் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் கைப்பேசியில் படம் எடுத்து, புதிய ரவுட்டரிலும் அதே வரிசையை வைத்துவிட்டுப் பிறகு கேபிளை மாற்றுங்கள்.