முன்சக்கரம் தூக்கும் டிராக் கார்: லாஞ்சை (புறப்படும் பாய்ச்சலை) வசப்படுத்துவது எப்படி?

நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் டிராக் (drag) ரேஸில், பச்சை விளக்கு எரிந்ததும் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்வது கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் செட்டப் செய்கிறவர் பார்க்க வேண்டியது சக்கரம் எழும்பிய உயரத்தை அல்ல, முதல் 60 அடியை, அதாவது 18.3 மீட்டரைக் கடந்த நேரத்தை. முன்சக்கரம் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பிவிட்டாலே காரின் மொத்த எடையும் பின் டயர்களுக்கு வந்துவிடும். அதற்கு மேல் இன்னும் அரை மீட்டர் தூக்கினாலும் பின் டயருக்குக் கூடுதலாக ஒரு கிலோ கூடக் கிடைக்காது.

கீழே உள்ளவை முன்னால் எஞ்சின், பின்சக்கர இயக்கம், ஒரே தண்டான பின் ஆக்ஸில், நாலு லிங்க் சஸ்பென்ஷன் (ஆக்ஸிலைப் பாடியோடு இணைக்கும் மேல், கீழ்த் தண்டுகள்) கொண்ட கார்களுக்கு. லீஃப் ஸ்பிரிங் (இலை போன்ற பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) காருக்குக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். ரோல் கேஜ், பெல்ட், ஹெல்மெட் எல்லாம் முறையாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். ரேஸ் டிராக்கைத் தவிர வேறெங்கும் இதை முயலக் கூடாது.

1. முதலில் கணக்கு

எடை 1400 கிலோ, வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம்) 270 செ.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 55 செ.மீ., முன்பக்க எடை 52 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 1 ஜி (புவியீர்ப்பு அளவு) முடுக்கத்துக்கும் பின்னால் நகரும் எடை 1400 × 55 ÷ 270, சுமார் 285 கிலோ. முன்சக்கரங்கள் மேல் இருப்பதோ 728 கிலோ. ஆக, சக்கரம் எழும்ப 2.55 ஜி வேண்டும்.

60 அடியை 1.4 விநாடியில் கடக்கும் காரின் சராசரி முடுக்கம் 1.9 ஜி அளவுதான். அப்படியானால் அந்தக் கார்கள் எப்படிச் சக்கரம் தூக்குகின்றன? புறப்படும் கணத்தில் ஃப்ளைவீலோ (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்), ஆட்டோமேட்டிக் காரின் டார்க் கன்வெர்ட்டரோ தேக்கி வைத்திருந்த சுழல்வேகம் ஒரேயடியாக டயருக்குப் போவதால், முடுக்கம் சராசரியைத் தாண்டி எகிறுகிறது. அதோடு, மேலே எழும்பிய பாடி முன் சஸ்பென்ஷனின் எல்லையை முட்டும்போது சக்கரத்தையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. இந்த இரண்டாவது காரணத்தை மறக்க வேண்டாம். 4-ஆம் படி முழுக்க அதைப் பற்றியதுதான்.

பாட்டரியை வலது பின் டயருக்கு மேலே டிக்கிக்குள் மாற்றுவது செலவில்லாத முதல் வேலை. வீல்பேஸ் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1965-இன் டாட்ஜ், பிளிமத் கார்களே சாட்சி. பின் ஆக்ஸிலை 15 அங்குலமும் முன் ஆக்ஸிலை 10 அங்குலமும் முன்னால் நகர்த்தி, எடையைப் பின் டயர் மேல் ஏற்றினார்கள்.

2. டயர்

பயாஸ் பிளை (நூலடுக்குகள் குறுக்காக அமைந்த) ஸ்லிக் (வெட்டுக்கோடு இல்லாத) டயருக்கு 12 முதல் 14 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் தொடங்குங்கள். 0–30 அளவுள்ள மானி வாங்குங்கள். சாதாரண 100 பி.எஸ்.ஐ. மானியில் அரை பி.எஸ்.ஐ. வித்தியாசம் தெரியாது, இங்கே அந்த அரையும் கணக்குதான். ஆரம்பநிலையில் ரேடியலை விட பயாஸ் பிளைதான் என் தேர்வு. பக்கச்சுவர் சுருங்கி அடியை வாங்கிக்கொள்ளும், சிறு தவறுகளைப் பொறுக்கும். ரேடியல் ஒருமுறை வழுக்கிவிட்டால் மறுபடி பிடிப்பது கடினம்.

3. பின் சஸ்பென்ஷன்

மேல், கீழ் லிங்க்குகளின் கோடுகளை முன்னோக்கி நீட்டினால் அவை சந்திக்கும் இடம் காரைத் தள்ளும் புள்ளி. அது பின் ஆக்ஸிலுக்கு 125 செ.மீ. முன்னால் இருந்தால், தரையிலிருந்து அதன் சமநிலை உயரம் 125 × 55 ÷ 270, சுமார் 25 செ.மீ. புள்ளி இதற்கு மேலே போனால் காரின் பின்பக்கம் எழும்பி டயரைத் தரையோடு அறையும். கீழே போனால் பின்பக்கம் உட்காரும். 25-ஐ ஒட்டியே தொடங்குங்கள். இந்தப் புள்ளி மொத்த எடைப் பெயர்வைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. எடை டயருக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்பதை மட்டுமே மாற்றும்.

எஞ்சினின் முறுக்கு இடது முன் மூலையை முதலில் தூக்கும், வலது பின் டயரின் பிடியைக் குறைக்கும். அதனால் கார் வலப்பக்கம் ஒதுங்கும். பின் ஆன்ட்டி ரோல் பாரின் (பாடி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் தண்டின்) லிங்க்கைக் கழற்றி, ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும்போது போல்ட் தானாக நுழையும் நீளத்துக்கு வையுங்கள். அது பூஜ்யம். அங்கிருந்து, வலது பின் டயரில் எடை ஏறும் திசையில் ஒரு ஓட்டத்துக்கு அரைச் சுற்று மட்டும்.

4. முன் ஷாக்: பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம்

90/10 ஷாக் (ஷாக் அப்சார்பர்) போட்டால் போதும் என்பது பொதுவான நம்பிக்கை. அது விரியும்போது தடையில்லாமல் விரியும், அமுங்கும்போது மெதுவாக அமுங்கும். குறைந்த சக்தியுள்ள காருக்கு நல்லதே. சக்தி கூடியதும் அதே ஷாக் எதிரியாகிவிடும். தடையில்லாமல் மேலேறும் பாடி கடைசியில் டப்பென்று முட்டி, அந்த வேகத்தோடு சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். மூக்கு உயர உயர ஈர்ப்பு மையமும் உயர்ந்து பின்னால் சாய்கிறது. முதலில் 2.55 ஜி தேவைப்பட்ட தூக்கலைத் தொடர, இப்போது அதைவிடக் குறைந்த முடுக்கமே போதும். வீலி (முன்சக்கரம் தூக்கியபடி ஓடுவது) ஒரு கட்டத்துக்கு மேல் தானாகவே வளர்வது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கிக் கட்டி, அதை ஷாக் உடலின் விளிம்போடு ஒட்டி நிறுத்துங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கைக்கும் (ஆர்ம்) சேஸிஸுக்கும் இடையே எல்லைப் பட்டை மாட்டி, நின்ற நிலையிலிருந்து சக்கரம் 8 செ.மீ. மட்டும் தொங்கும்படி வையுங்கள். இரும்புக் கேபிளை விட நைலான் பட்டையே எனக்குப் பிடிக்கும்; சற்றுக் கொடுத்து வாங்கும். தரையோடு தரையாக ஒரு ஃபோனை வைத்து, பக்கவாட்டில் விநாடிக்கு 240 ஃபிரேமில் வீடியோ எடுங்கள். பாடி நின்றபின் சக்கரம் வெடுக்கென்று எழும்பினால், முன் ஷாக்கின் விரிவுத் தடையை இரண்டு கிளிக் கூட்டுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் பட்டையை 5 செ.மீ.க்குக் குறையுங்கள். ஓட்டம் முடிந்து வந்ததும் கேபிள் டையைப் பாருங்கள். அது தண்டில் தள்ளப்பட்டிருந்தால், தரையிறங்கும்போது ஷாக் அவ்வளவு தூரம் அமுங்கியிருக்கிறது. தண்டின் மறுமுனைவரை போயிருந்தால் அமுங்கும் தடையும் போதவில்லை.

ஒரு ஓட்டத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

5. வீலி பார்

வீலி பார் என்பது மூக்கு அளவுக்கு மீறி எழும்பாமல் தடுக்க, காரின் பின்னால் நீட்டியிருக்கும் சிறு சக்கரம் வைத்த தண்டு. ஓட்டுநர் இருக்கையில் இருக்க, டாங்கில் ரேஸுக்கான எரிபொருளோடு, டயரில் ரேஸ் காற்றோடு அளக்க வேண்டும். காலிக் காரில் அளந்தால் அளவு தப்பும். இரு பக்கமும் பார் சக்கரத்துக்கும் தரைக்கும் 10 செ.மீ. இடைவெளியில் தொடங்கலாம். பார் தாங்கும் ஒவ்வொரு கிலோவும் பின் டயரிலிருந்து கழிகிறது. ஆகவே அது காப்பு மட்டுமே, சஸ்பென்ஷனுக்கு மாற்று அல்ல. டிராக்கில் போய்த் தடத்தைப் பாருங்கள்: பின் டயரின் கறுப்புத் தடம் மங்கும் இடத்தில் பார் சக்கரத்தின் மெல்லிய கோடு தொடங்கினால், பார்தான் டயரைத் தூக்கியிருக்கிறது. பாரை உடனே உயர்த்தாதீர்கள். 4-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

6. ஓட்டுநரின் கால்

சக்கரம் மேலே இருக்கும்போது ஸ்டீயரிங்கை நேராகவே பிடியுங்கள். பயந்து ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக விட்டால் மூக்கு கல்லைப் போல விழும்; ஆயில் சம்ப் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) நசுங்கும், முன் கைகள் வளையும். காலைப் பாதி மட்டும் எடுத்து, இறங்கும்வரை அங்கேயே வைத்திருங்கள். பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

பின்சேர்க்கை: திரும்பத் திரும்ப வரும் மூன்று சிக்கல்கள்

லாஞ்சில் எஞ்சின் திணறுகிறது: நாலு குழல் கார்புரேட்டரின் பின் கிண்ணத்தில் ஜெட் முன்பக்கம் இருக்கும், எரிபொருளோ பின்னால் ஓடிவிடும். அந்த ஜெட்டுகளுக்கு நீட்டிப்புக் குழாய் போடுங்கள். ஆயில் அழுத்தமும் அதே நேரம் விழுந்தால், சம்ப்பின் உறிஞ்சுகுழாய் பின்பக்கம் இருக்கிறதா, தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

லீஃப் ஸ்பிரிங்: ஆக்ஸிலுக்கு முன்னால் உள்ள பாதியில் இலைகளைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், பின் பாதியைத் தளர்வாக விடுங்கள். முன் பாதி அப்போது லிங்க்கைப் போல வேலை செய்யும், ஸ்பிரிங் முறுக்கிச் சக்கரம் குதிப்பதும் அடங்கும்.

நல்ல லாஞ்ச், ஆனால் 60 அடி நேரம் மோசம்: சக்கரத்தைத் தூக்கியபடியே அந்த இடத்தைக் கடந்தால் முன் டயர் நேரம் அளக்கும் ஒளிக்கற்றையை மறைக்காது, பின் டயர் வந்துதான் மறைக்கும். அந்த வேகத்தில் 270 செ.மீ. வீல்பேஸ் என்பது சுமார் 0.1 விநாடி. நேரம் அச்சிட்ட சீட்டில் 1.50 என்று இருந்தாலும் கார் ஓடியது 1.40 ஆக இருக்கலாம். வீடியோவைப் பார்க்காமல் அந்த எண்ணை நம்பி செட்டப்பைக் கலைக்காதீர்கள்.